கெட்டிமேளம் கேட்காத மண்டபம்

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபத்தை வாடகைக்குக் கேட்டு ஒருத்தர் வந்தால் வாசலிலேயே வைத்து இல்லை என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், ஏனென்றால் ஆடியில் எந்த மடையனும் கல்யாணம் வைக்க மாட்டான், மண்டபம் சும்மா கிடக்கும், மாடியில் வௌவால் அடையும், சமையல்கட்டில் எலி குடும்பம் நடத்தும், அப்படிக் கிடக்கிற கட்டடத்தை ஒரு ஜப்பான்காரி வந்து மாதம் முழுக்க வேண்டும் என்று கேட்டால் எந்த மண்டபக்காரனுக்குத்தான் மறுக்க வாய் வரும். சாத்தூரில் ரயில்வே கேட்டுக்கு மேற்கே இருக்கிற ராஜகனி மஹால் என்னுடையது. ராஜகனி என் மனைவி. என் பெயர் தங்கப்பழம், அதை யாரும் போர்டில் போடவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் அதே மண்டபத்தில் என் மகள் ரூபகலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அருள்முத்து, சிவகாசிப் பட்டாசுக் கடை சிதம்பரக்கனியின் ஒரே மகன். பிள்ளைகள் ரெண்டும் காலேஜில் ஒன்றாகப் படித்து ஒருத்தரை ஒருத்தர் விரும்பி, ரூபகலா அவனைத் தவிர வேறு யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று சோற்றுத் தட்டின் முன்னால் பேசாமல் உட்கார்ந்து, அதற்கு மேல் நாங்கள் போய்ப் பேசி, அந்த மனிதர் முறுக்கிக்கொண்டு, ராஜகனி மஹாலில் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி மேளம் வைத்தால் சரி என்று கடைசியில் இறங்கி வந்து நிச்சயமான கல்யாணம் அது. அந்த முகூர்த்தத்துக்குச் சாத்தூரில் மட்டுமல்ல, கோவில்பட்டி வரை ஒரு மண்டபமும் காலி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

வந்தவர் பெயர் சயேகோ தமுகாய். அறுபது வயசுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ, ஒடிசலான உடம்பு, கழுத்து தெரிய வெட்டிய நரைமுடி, கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல மதுரையிலிருந்து ஜெனிட்டா என்று ஒரு பெண் கூடவே வந்திருந்தாள்.

"அவங்க ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி" என்றாள் ஜெனிட்டா.

"படம் வரைவாகளா?"

"வரைய மாட்டாங்க. சத்தத்தையும் வெளிச்சத்தையும் வச்சு ஒரு இடத்துல ஒண்ணு செய்வாங்க. எல்லாரும் வந்து பாப்பாங்க, கேப்பாங்க."

"மைக் செட்டா?"

ஜெனிட்டா கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்றாள். மைக் செட் போடவா பிளேன் ஏறி வந்தாள் என்று நான் முனகினேன். முனகுவது என் வழக்கம். சத்தமாகச் சொன்னால் சண்டை வரும், சொல்லாமல் விட்டால் நெஞ்சு அடைக்கும், அதனால் உதட்டுக்குள்ளேயே சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன், ராஜகனி என்ன முனங்குறீக என்பாள், ஒண்ணுமில்ல என்பேன், எங்கள் குடும்பம் இத்தனை வருஷம் ஓடியது இந்த ஏற்பாட்டில்தான்.

பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து இறங்கியது. எங்கே பார்த்தாலும் வயர். மணமேடையில் வயர், பந்தி ஹாலில் வயர், கை கழுவுகிற இடத்தில்கூட ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருந்தார். வேலைக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் ஏன் அவ்வளவு பலமாக மேளம் அடிக்கிறீர்கள்? அந்த நேரத்தில் யாராவது தும்மிவிடக் கூடாது, கெட்ட சொல் ஒன்றும் காதில் விழுந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் கெட்டிமேளம் என்றேன். சரி, அந்த நேரத்தில் யாராவது நல்ல சொல் சொன்னால்? அதுவும் கேட்காது என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதையல் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைப்பு.

இந்தக் கேள்விக்காகத்தான் வந்திருக்கிறார். ஜெனிட்டா காப்பி குடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஜப்பானில் வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் சயேகோவின் அப்பா பச்சிங்கோ கடை வைத்திருந்தாராம். நம்மூர்த் திருவிழாவில் ஆணி அடித்த பலகையில் கோலிக்குண்டை உருட்டி ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதையே மின்சாரத்தில் செய்து, சுவர் நீளத்துக்குப் பெட்டி பெட்டியாக நிறுத்தி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பாட்டும் ஒரு விளக்கும் வைத்து, இரும்புக் குண்டுகளை எல்லாப் பெட்டியிலும் ஒரே நேரத்தில் கொட்டவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்குமாம் அந்தக் கடை. வீடு கடைக்குப் பின்பக்கம். தெருவுக்குப் போக வேண்டுமென்றால் கடைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். சாயங்காலம் பியானோ வகுப்புக்குக் கிளம்புகிற மகளிடம், ஜெயித்தவர்களுக்குச் சோப்பும் சாக்லேட்டும் எடுத்துக் கொடுக்கிற மேசைக்குப் பின்னாலிருந்து அம்மா ஏதோ சொல்வாளாம். உதடு அசையும், ஒன்றும் கேட்காது, மகள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். திரும்பி வந்து என்ன சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அம்மா நாளைக்கும் அங்கேதானே உட்கார்ந்திருக்கப் போகிறாள். மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அம்மா செத்துப்போனாள்.

அன்றைக்குப் பிடித்த ஓட்டம். மூடிப்போன அந்தக் கடையில் எல்லாப் பெட்டியையும் சத்தமில்லாமல் விளக்கு மட்டும் எரிய ஓடவிட்டு, நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்ததுதான் அவருடைய முதல் நிகழ்ச்சி, பார்க்க வந்தது அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு நாயும். அப்புறம் ஒசாகாவில் சுரங்கப்பாதையில் ரயில் போகிற இரைச்சலை வெளிச்சமாக மாற்றுகிறேன் என்று நின்றார், ஜெர்மனியில் பாழடைந்த நெசவாலையில் பழைய தறிகளை முடுக்கிவிட்டு அவற்றின் நடுவே காற்றைவிட மெதுவாகப் பேசினார், பின்லாந்தில் உறைந்துபோன ஏரியில் பனிக்கட்டிக்கு அடியில் மைக்கை இறக்கிவிட்டுக் குளிரில் விரல் மரத்துப்போக உட்கார்ந்திருந்தார், பிரேசிலில் ஆளுயர ஒலிபெருக்கிகளுக்கு மத்தியில் நின்று காதில் ரத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பரிசு கொடுத்தார்கள், திட்டினார்கள், மறுபடியும் பரிசு கொடுத்தார்கள். புருஷன் என்று ஒருத்தர் இருந்து, இத்தனை வயரோடு குடித்தனம் பண்ண முடியாது என்று போய்விட்டார். போன இடத்தில் எல்லாம் பெரிய சத்தத்தை வெளிச்சமாக்கித் தள்ளிவிட்டால் அடியில் சின்னச் சத்தம் மிஞ்சும் என்பதுதான் அவருடைய கணக்கு, அது ஓர் ஊரிலும் நடக்கவில்லை, ப்ளக்கைப் பிடுங்கினால் வெளிச்சமும் போனது, இரைச்சலும் போனது, மிஞ்சியது ஒன்றுமில்லை. கடைசியில் நகோயாவில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பையன் தன் கல்யாண வீடியோவைக் காட்டியிருக்கிறான், கெட்டிமேளம் அடிக்கிற நேரத்தில் எல்லோருடைய உதடும் அசைவதைப் பார்த்திருக்கிறார், கிளம்பி வந்துவிட்டார். அந்தப் பையன் மட்டும் என் கையில் கிடைத்தால்.

போதாததற்குக் குடை. சாத்தூர் வெயிலில் அந்த அம்மா தலையில் ஒன்றும் இல்லாமல் தெருத்தெருவாக அலைந்து சத்தம் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் ராஜகனி என் கறுப்புக் குடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள், வளைந்த பிடி போட்ட நல்ல குடை. அவர் அதைச் சேவுக் கடையில் விட்டுவிட்டு வந்தார், பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தார், தீக்குச்சி அடுக்குகிற தீப்பெட்டி ஆபீசில் விட்டுவிட்டு வந்தார். அண்ணாச்சி, ஒங்க ஜப்பான்காரி குடை, என்று ஊரில் ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒங்க ஜப்பான்காரியாம்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று நிகழ்ச்சி. சும்மா விடுகிறார்கள் என்றதும் ஊரே வந்துவிட்டது. ஆடியில் கையைக் கட்டிக்கொண்டிருக்கிற கழுகுமலை மேளகாரர்கள் மணமேடையைச் சுற்றி உட்கார்ந்து கெட்டிமேளம் அடித்தார்கள், நிறுத்தாமல் அடித்தார்கள், பல் கூசுகிற அளவுக்கு அடித்தார்கள், நடுவில் உட்கார்ந்திருந்த சயேகோ மைக்கை உதட்டில் ஒட்டவைத்து என்னமோ சொன்னார், உடனே அத்தனை சத்தமும் அறுந்து, நான்கு சுவரிலும் மஞ்சளும் சிவப்புமாக வெளிச்சம் ஏறியது. தவில்காரர் அடித்துக்கொண்டேதான் இருந்தார், குச்சி தோலில் விழுவது தெரிந்தது, ஒரு பொட்டுச் சத்தம் இல்லை, ஒவ்வொரு அடிக்கும் சுவரில் ஒரு வெளிச்சம் தெறித்தது. ஜனம் கைதட்டியது, அதுவும் கேட்கவில்லை, உத்தரம் முழுக்கப் பொறி பொறியாக மின்னியது. நல்ல மிஷின் என்று பேசிக்கொண்டே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மிஷினைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, வயரைச் சுற்றி, லாரியில் ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. மறுநாள் மண்டபம் கூட்டுகிற சண்முகத்தாய் கையிலிருந்த வாளி நழுவிக் கீழே விழுந்தது. சத்தம் வரவில்லை. எதிர்ச் சுவரில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் விரிந்து அடங்கியது. அவள் வாளியை எடுத்து மறுபடியும் போட்டுப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள், கூப்பிட்டதும் கேட்கவில்லை, பச்சையாக ஒரு கோடு வந்து என் நெற்றிக்கு நேரே நின்றது.

எலக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்தார், ப்யூசைப் பிடுங்கினார், மீட்டர் ஓடவில்லை, வெளிச்சம் ஓடியது. வாசலில் பூசணிக்காய் கட்டினோம். பூசாரி வந்து உடுக்கை அடித்தார், உடுக்கை வானவில்லாகப் போனதைப் பார்த்து இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லை என்று எழுந்துவிட்டார். சயேகோவைக் கேட்டேன், எப்போது அணையும்? தெரியாது என்றார். எப்படி வந்தது? தெரியாது என்றார். மறுபடியும் அதே மாதிரி மைக்கில் எதையாவது சொல்லி அணைக்கக் கூடாதா? மைக் லாரியில் போய்விட்டது என்றார். ஊருக்குப் போகிறவர் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு மாப்பிள்ளை அறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். அவருக்குச் சந்தோஷம். ஏன் இருக்காது, அவர் மகளுக்கா கல்யாணம்.

இதில் இன்னொரு கொடுமை, சாதாரணமாகப் பேசினாலே வெளிச்சமாகிவிடுகிற அந்த மண்டபத்தில், உதட்டுக்குள் பேசுவது மட்டும் தெளிவாகக் கேட்டது. வாசல்படியில் நின்று முனகினால் சமையல்கட்டில் காது பக்கத்தில் சொன்ன மாதிரி விழுந்தது. என்னுடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். சண்முகத்தாய் பெருக்குவதைப் பார்த்து, இவ கூட்டுனா குப்பைக்கே வலிக்காது என்று எப்போதும் போல முனகினேன், வெளக்கமாத்த நீங்களே பிடிங்க என்று அவள் சாத்திவிட்டுப் போய்விட்டாள். ராஜகனி கல்யாணச் சேலையை விரித்துக் காட்டியபோது முனகியது என்னவென்று இங்கே சொல்ல விருப்பமில்லை. அன்றிலிருந்து அவள் என்ன முனங்குறீக என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

ஊரைச் சொல்லுங்கள், ஊருக்கு என்ன. பெருக்கித் துடைத்து வைத்த வீட்டுக்குள் விருந்தாளி வந்து உட்கார்ந்த மாதிரி அந்த அதிசயத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளைக்காரிகள் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், குழந்தை தன் அழுகை சுவரில் ஆரஞ்சு நிறத்தில் ஏறுவதைப் பார்த்து வாயைப் பிளந்தபடியே தூங்கிப்போனது. பெண் பார்க்கிறவர்கள் இங்கேயே வைத்துக்கொண்டார்கள், பையனைப் பற்றி அப்பன் அளக்கிற அளப்பெல்லாம் வெளிச்சமாகப் போய்விடும், அம்மாக்காரி வாய்க்குள் சொல்வதைக் கேட்டு முடிவுசெய்யலாம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கு வந்து உட்கார்ந்து, கத்திப் பிரயோஜனமில்லை என்று தெரிந்து மெதுவாகப் பேசி, அரைமணியில் எழுந்து போனார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் மட்டும் உள்ளே வருவதில்லை, அங்கே உட்கார்ந்து யாரைப் பற்றியும் ஒன்றும் பேச முடியாது என்று வாசல் வேப்பமரத்தடியிலேயே இருந்துகொண்டார்கள். கட்சிக்காரர்கள் பொதுக்கூட்டத்துக்குச் சொல்லிவைத்திருந்ததை ஒரே ஒரு ஒத்திகைக்குப் பிறகு ரத்து செய்தார்கள். சயேகோ எல்லாவற்றுக்கும் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் கண்ணை மூடிக் கேட்பார். எனக்கு எரிந்தது.

சேதி சிவகாசிக்குப் போகாமல் இருக்குமா. ஆவணி பிறந்த கையோடு சிதம்பரக்கனி காரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், கூடவே அவர் மனைவி. சிதம்பரக்கனிக்கு மாநிறம், மீசை, வெடிக்கடையிலேயே வளர்ந்த தொண்டை. மண்டபத்துக்குள் கால் வைத்ததும் வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கத்தரிக்காய் நிறத்தில் வெளிச்சம் எழும்பி உத்தரத்தில் மோதியது. அவர் மேலும் கத்தினார், கையை ஆட்டிக் கத்தினார், சுவரெல்லாம் கத்தரிக்காய். நானும் ராஜகனியும் ரூபகலாவும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றோம். அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் வேலையைக் காட்டியது.

"எருமை கத்துனாக்கூட அதுல ஒரு அழகு இருக்கும்."

மண்டபம் முழுக்கக் கேட்டது. ராஜகனி தலையில் கையை வைத்துக்கொண்டாள். ரூபகலா என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையைச் சாகும் வரை மறக்க மாட்டேன், கோபம்கூட இல்லை, போச்சு என்று மட்டும் இருந்தது. சிதம்பரக்கனி வேட்டியை மடித்துக் கட்டினார், வாசலைப் பார்த்து நடந்தார், பாதி தூரம் போனவர் என்ன நினைத்தாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் கேட்டது. அவ்வளவு பெரிய உடம்புக்குள் இருந்து அத்தனை சின்னக் குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"இப்ப எந்திரிச்சுப் போனா பய அந்தப் புள்ளைய நெனச்சே ஏங்கிப்போயிருவான். போகலைன்னா மானம் போகுது. என்னத்தச் செய்ய."

தான் நினைத்தது எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது என்று அவருக்கே மெதுவாகத்தான் உறைத்தது. அவர் மனைவி அருகில் போய் நின்று, நாம எதுக்கு வந்தோம்ங்க, என்றாள், அதுவும் கேட்டது. அவர் மீசையைத் தடவிக்கொண்டே திரும்பினார்.

"ஒரு காப்பி சொல்லுங்க" என்றார், இனி யாரும் எருமை என்று சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாக. காப்பி குடித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணம் இங்கேயே நடக்கட்டும். ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் மேளம் கேட்காமல் போய், கெட்ட சொல் ஒன்றாவது காதில் விழுந்தால் தாலியைக் கையோடு எடுத்துக்கொண்டு சிவகாசிக்குக் கிளம்பிவிடுவார். பையன் ஏங்கினால் ஏங்கட்டும்.

அன்றிலிருந்து முகூர்த்தம் வரை நான் பட்ட பாடு. தும்மல் வெளிச்சமாகத் தெறித்தாலும் சகுனம் கெடும் என்று, தும்மல் சீக்காளிகளைக் கண்டுபிடித்து வெளியே பந்தலில் உட்கார்த்திவைக்க ஏற்பாடு செய்தோம். இருமல்காரர்களுக்கு ஆடாதோடை மிட்டாய். பந்தியைப் பற்றி, நகையைப் பற்றி, பெண்ணின் உயரத்தைப் பற்றி ஒன்றும் வாய்க்குள்கூடச் சொல்லக் கூடாது என்று சொந்தக்காரர்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொன்னோம், என் பெரிய மைத்துனன் அப்படியென்றால் நான் எதுக்கு வரணும் என்றே கேட்டுவிட்டான். "ஊர் வாயக் கட்டிருவோம்" என்றாள் ராஜகனி. "ஒங்க வாய என்ன செய்ய?"

முகூர்த்தத்தன்று காலையில் அவளே ஒரு கட்டு வெற்றிலையை மடித்து, பாக்கோடு என் வாயில் திணித்துவிட்டாள். கன்னம் உப்பி மணமேடை ஓரம் நின்றேன். மண்டபம் நிறைந்த ஜனம், அத்தனை பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாதஸ்வரம் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் என்று ஐயர் கையைக் காட்டினார், மேளகாரர்கள் தூக்கி அடித்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. சுவர் இருந்த இடம் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் வெளிச்சத்துக்குள் நின்றோம், அந்த வெளிச்சத்துக்குள்ளே, ஊர் தோன்றிய நாளிலிருந்து யாரும் கேட்டிராததைக் கேட்டோம்.

"இறுகுதா?" என்றான் மாப்பிள்ளை.

"இல்ல. முடி மாட்டிருக்கு" என்றாள் என் மகள்.

"பொறுங்க மாப்பிள, நான் எடுத்துவிடுறேன்" என்றாள் ராஜகனி. அப்புறம், "ஏட்டி, மூக்கத் தொடச்சுக்கோ. போட்டோ எடுக்கான்" என்றாள்.

நாத்தனார் முடிச்சுப் போட்ட மாப்பிள்ளை வீட்டுப் பெண், கடவுளே ஒழுங்கா விழணும் என்றாள். எங்கோ பின்னால் சமையல்காரர், இத்தனை பேருக்கு ரசம் காணுமா என்றார். சிதம்பரக்கனி, எங்கம்மா இருந்து பாத்திருக்கணும் என்றார். அதற்குப் பிறகு மண்டபம் முழுக்க, ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும், அட்சதையைத் தூக்கிய ஒவ்வொரு கையின் பின்னாலிருந்தும், என் மைத்துனன் உட்பட, நல்லாருக்கட்டும், நல்லாருக்கட்டும் என்று முனகல் எழுந்து வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வெற்றிலை. கண் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

தாலி ஏறியது. சிதம்பரக்கனி என்னை வந்து கட்டிக்கொண்டார், பட்டாசு வாடை அடித்தது. பந்தி நடக்கும்போது தூண் பக்கத்திலிருந்து சயேகோ ஜெனிட்டாவோடு என்னிடம் வந்தார். தாலி கட்டும்போது பேசியது என்ன என்று ஜெனிட்டாவைக் கேட்டிருக்கிறார், அவள் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள், அவர் நம்பவில்லை, என்னிடம் சரிபார்க்க வந்திருக்கிறார்.

"முடி மாட்டிருக்கு. மூக்கைத் துடை. ரசம் காணுமா. அவ்வளவுதானான்னு கேக்காங்க அண்ணாச்சி" என்றாள் ஜெனிட்டா, உதட்டுக்குள்ளேயே.

"அவ்வளவுதான். கல்யாண வீட்டுல வேற என்ன பேசுவாக?"

ஜெனிட்டா அதைச் சொன்னதும் சயேகோ சிரித்தார். சிரிப்பு வெளிச்சமாகி வெள்ளையாக எங்கள் மூன்று பேர் மேலும் விழுந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டார், வெளிச்சம் இல்லை, அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை தேசம், எத்தனை வயர், இதற்கா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, வெற்றிலையைத் துப்பப் போய்விட்டேன்.

அடுத்த நாள் அவர் கிளம்பினார். மதுரை விமானத்துக்குக் கார் வாசலில் நின்றது, ஜெனிட்டா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழியனுப்ப வந்த ஊர் மண்டபத்துக்குள் நின்று போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க என்று கத்தியது, சண்முகத்தாய் கத்தினாள், மேளகாரர் கத்தினார், சுவரெல்லாம் நிறம் நிறமாக வழிந்தது, சயேகோ இடுப்பை வளைத்து ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். நான் தூணைப் பார்த்தேன். தூணில் சாய்ந்தபடி என் கறுப்புக் குடை.

"இந்தா, மறுபடியும் விட்டுட்டா. குடைய எடுத்துட்டுப் போம்மா, வெயிலு மண்டையப் பொளக்கும்" என்று முனகினேன்.

வாசல்படியில் ஒரு காலை வைத்திருந்தவர் அப்படியே நின்றார். தமிழில் ஒரு சொல் தெரியாதவர். சொல்லித்தர ஜெனிட்டாவும் பக்கத்தில் இல்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தார், அத்தனை பேர் நிற்க, நேராக என்னை. மெதுவாக நடந்து என் முன்னால் வந்து, காதில் கையை வைத்து, இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினார்.

எனக்கு எரிச்சல்தான். விமானம் போய்விடும். இருந்தாலும் சொன்னேன். "குடைம்மா. வெயிலு."

அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். குடையை எடுத்துக்கொண்டார். வாசல்படி தாண்டி வெயிலில் இறங்கி அதை விரித்த அந்த நிமிஷம், மண்டபத்துக்குள் போய்ட்டு வாங்க என்ற சத்தம் பொலபொலவென்று காதில் விழுந்தது, சண்முகத்தாய் தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். சுவர் வெறும் சுண்ணாம்புச் சுவராக இருந்தது.

ஊர் என்னோடு சண்டைக்கு வந்தது. குடையை ஏன் ஞாபகப்படுத்தினாய், விட்டிருந்தால் அவர் திரும்பி வந்திருப்பார், வெளிச்சமும் இருந்திருக்கும் என்றார்கள். பிள்ளைக்காரிகள் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சயேகோ அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எதையும் நிகழ்த்தவில்லை, கடலோரத்தில் அந்தப் பழைய வீட்டிலேயே இருக்கிறார், வெயில் இல்லாத நாளிலும் குடையோடுதான் வெளியே போகிறார் என்று ஜெனிட்டா போனில் சொன்னாள். என் குடை அது.

மண்டபத்தில் இப்போது கல்யாணத்துக்குக் கல்யாணம் கெட்டிமேளம் காதைப் பிய்க்கிறது. போன முகூர்த்தத்தில், மேளம் உச்சத்தில் இருக்கிற நேரத்தில், ராஜகனி கடைத்தெருவுக்குப் போகக் கேட்டைத் திறந்தாள். நான் படியில் நின்று வழக்கம்போல முனகினேன். அவள் திரும்பி என் உதட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

எனக்கு என்னமோ செய்தது. இந்த வயசில், இந்த வெயிலில், மூட்டு வலிக்க, தெருமுனை வரை ஓடினேன்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஓரமாப் போன்னு சொன்னேன். லாரி வருது."